எண்பதுக்குக் குறையாமல்

குணசேகரனுக்குத் தன் கைக்கடிகாரத்தின் மேல் இருந்த நம்பிக்கை கட்டிய மனைவி மேல்கூடக் கிடையாது. சரக்கு ரயிலில் கார்டு உத்தியோகம். பதினெட்டு வருடமாக நிமிடம் பிசகாமல் பதிவேடு எழுதிய ஆள். டூட்டி இல்லாத நாளெல்லாம் காலை ஆறரைக்கு மகள் ஹர்ஷிதாவின் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணுவார்.

ஹர்ஷிதாவின் இதயம் பிறவியிலேயே மந்தம். நிமிடத்துக்கு ஐம்பதுகூடத் தேறாது. எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது வயிற்றுத் தோலுக்கடியில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். சும்மா இருக்கும்போதும் எண்பதுக்குக் குறையாமல் அது துடிக்க வைக்கும் என்று டாக்டர் சொன்னது குணசேகரனுக்கு வேதவாக்காகிவிட்டது. ஒன்பது வருடம் எண்ணினார். ஒரு நாளும் எண்பதுக்குக் குறையவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றும் அதே டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். கொரோனா வரும்வரை எடுத்தார்கள். அதோடு விட்டுப்போயிற்று. வருடம் ஒரு தடவை பேகம்பேட்டு ஆஸ்பத்திரியில் மெஷினை மட்டும் சோதிப்பார்கள். பாட்டரி நன்றாக இருக்கிறது என்பார்கள். மனைவி ரோகிணிதான் எக்கோ, எக்கோ என்று நச்சரித்தாள். எண்பது இருக்கும்போது எக்கோ எதற்கு என்று அவள் வாயை அடைத்துவிட்டார். மனிதருக்குத் தெரிந்தது ஒரே ஒரு எண். அதை வைத்துக்கொண்டு வீட்டையே ஆண்டார்.

போன மழைக்காலத்திலிருந்து ஹர்ஷிதா மாடிப்படியில் பாதியிலேயே உட்கார ஆரம்பித்தாள். ஹப்சிகுடாவில் மூன்றாவது மாடி வீடு, லிஃப்ட் கிடையாது. "ஆயாசங்கா உந்திப்பா", களைப்பாக இருக்கிறது என்று மூச்சு வாங்குவாள். தெலுங்கு ஊரிலேயே வளர்ந்தவள்; தமிழில் கேட்டால் பாதி தெலுங்கில்தான் பதில் வரும். அவள் சற்று அடங்கும்வரை நின்று, கையைப் பிடித்து எண்ணுவார்.

"கரெக்டா எண்பது இருக்கு. டிராமா நக்கோ, வேண்டாம். ஏறு."

ஏறினாள். அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, வாயால் மூச்சை இழுத்துக்கொண்டு ஏறினாள்.

கால் வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டர் ஷோபா சிகந்தராபாத் தமிழ்க்காரி. எக்கோ படத்தைக் காட்டி நிதானமாகச் சொன்னார். மெஷின் இதயத்தின் ஒரு பக்கத்தை முதலில் துடிக்க வைக்கிறது, மறுபக்கம் பின்னால் வருகிறது. வருடக்கணக்கில் இப்படிப் போனால் சில பிள்ளைகளுக்கு இதயம் பெருத்துத் தளர்ந்துவிடும். முன்பே தெரிந்திருந்தால் ஒயரை இடம் மாற்றிப் பார்த்திருக்கலாம். இப்போதும் செய்யலாம், ஆனால் தேறுமென்று தன்னால் சொல்ல முடியாது; மாற்று இதயத்துக்கும் பெயர் பதிந்து வைப்பது நல்லது என்றார்.

"நான் விடாம எண்ணினேன் மேடம். எண்பது இருந்துச்சு."

"அது மெஷினோட எண்பது சார். ஹார்ட் எவ்வளவு ரத்தம் தள்ளுதுன்னு நாடியை எண்ணினாத் தெரியாது."

ரோகிணி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஹர்ஷிதா தானாகவே கையை நீட்டினாள். அந்தக் கையைத் தொடவே அவருக்குக் கூசியது. ஆனாலும் எண்ணினார்.

"எண்பதா?" என்று கேட்டாள்.

தலையாட்டினார்.

இன்னொரு ஸ்கேனுக்காகச் சக்கர நாற்காலி வந்தது. ஹர்ஷிதா அதை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு, வீங்கிய காலைத் தரையில் ஊன்றினாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"எண்பது உந்தி கதா, இருக்குல்ல? நடந்தே வரேன்" என்றாள். "டிராமா நக்கோ."

குணசேகரன் மண்டியிட்டு அவள் பாதங்களைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்குப் படியில நீ சொன்னதுதாம்மா சரி. அப்பா எண்ணினது தப்பு."

அவள் நம்பவில்லை. ஒன்பது வருடமாக அவரே பழக்கி வைத்தது. அப்பாவுக்குத்தான் இன்று என்னவோ ஆகிவிட்டது என்பதுபோல் பார்த்து, இரைத்துக்கொண்டே கையை நீட்டினாள்.

"மறுபடி எண்ணுப்பா."