ஒரு கொக்கியும் ஒரு கெஜம் எலாஸ்டிக்கும்

தாம்பரம் சானடோரியத்தில் இருந்த அந்த ஏற்றுமதிக் கம்பெனியில், உடைந்த தையல் ஊசி ஏதாவது துணிக்குள் தங்கிவிட்டதா என்று பார்க்கும் மேஜை அஞ்சம்மாளுடையது. தொண்ணூற்று மூன்றாம் வருஷம். ஜெர்மனிக்குக் குழந்தைச் சட்டை போய்க்கொண்டிருந்தது. அந்த ஊர்க் குழந்தைக்கு ஊசி குத்திவிடக் கூடாதாம். சரிதான், குத்தக் கூடாதுதான். ஆனால் சட்டையைப் போடப்போகிற குழந்தையைப் பற்றி இவ்வளவு யோசித்தவர்களுக்கு, அதைத் தடவிப் பார்க்கிறவளுக்கும் ஒரு தோள்பட்டை இருக்கிறது என்பது மட்டும் தோன்றவில்லை.

கையில் பிடிக்கும் மெட்டல் டிடெக்டர். பார்த்தால் தோசைக் கரண்டி போலத்தான் இருக்கும். ஒரு நாளைக்கு எழுநூறு சட்டை, ஒவ்வொன்றுக்கும் முன்பக்கம், பின்பக்கம், காலர். அதுகூடப் பரவாயில்லை. அந்தச் சனியனுக்கு ஊசி, தங்கம் என்ற பேதம் கிடையாது. அவள் கழுத்துத் தாலிக்கும் கத்தும். சங்கிலியை முதுகுப் பக்கம் தள்ளிப் போட்டால், குனிந்ததும் முன்னால் வந்து விழும். ஒரு தடவை கத்தினால் அந்தக் கட்டு முழுவதையும் மறுபடி பார்க்க வேண்டும். அதனால் கையை நீட்டி, மார்பிலிருந்து எட்ட வைத்தே எட்டு மணி நேரமும் தடவினாள். ஒன்றரை வருஷத்தில் வலது தோள் இறுகிவிட்டது. கூந்தலை அள்ளிக் கொண்டை போட முடியவில்லை. பம்மல் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. தோல் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் புருஷன் கோதண்டம் தைலம் தேய்த்துத் தேய்த்து ஓய்ந்துபோனான்.

இ.எஸ்.ஐ. டாக்டரம்மா புரியும்படி சொன்னார். முழங்கை விலாவை ஒட்டியே இருக்க வேண்டும். அரை மணிக்கு ஒரு தரம் கை மாற்ற வேண்டும், நடுநடுவே தோளைச் சுழற்றித் தளர விட வேண்டும். கருவியின் பாரத்தை மேலேயிருந்து எதிலாவது தொங்கவிட்டால் இன்னும் நல்லது. இப்படியே விட்டால் கை இடுப்புக்கு மேல் எழும்பாது என்றும் சொன்னார். கை எழும்பாதவளை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்?

பஸ்ஸில் வரும்போதே அஞ்சம்மாள் வழி கண்டுபிடித்துவிட்டாள். மேஜையின் அந்தக் கோடியில், டியூப்லைட் மாட்டியிருக்கும் கம்பியில் ஒரு கொக்கி. அதிலிருந்து ஒரு கெஜம் எலாஸ்டிக். கருவி தாலிக்கு எட்டாத தூரத்தில் தொங்கும், சட்டையை அதன் அடியில் நகர்த்தினால் போதும். அவ்வளவு பெரிய கம்பெனியில் எலாஸ்டிக்குக்கா பஞ்சம்?

மறுநாள் காலை சூப்பர்வைசர் தட்சிணாமூர்த்தி டாக்டர் சீட்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. ஜெர்மன்காரன் வந்து பார்க்கிற இடத்தில் கண்டதும் தொங்கினால் அசிங்கம் என்றார். கோளாறு கருவியிலும் இல்லை, மேஜையிலும் இல்லை, அவள் கழுத்தில்தான் என்றார். பிறகு ஷெட் முழுக்கக் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"நாளையிலேருந்து அதைக் கழட்டி வெச்சிட்டு வா. முடியலன்னா விடு, நம்ம பொன்னி இருக்கா. அவ கழுத்துல ஒரு பிராப்ளமும் இல்ல."

பொன்னியம்மாள் நூல் வெட்டும் மேஜையில் இருந்தாள். பம்மலில் அஞ்சம்மாளுக்கு அடுத்த தெரு. புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்து எட்டு மாசம் ஆகியிருந்தது. தலையைத் தூக்காமல் நூலை வெட்டிக்கொண்டே இருந்தாள்.

அஞ்சம்மாளுக்கு உச்சந்தலையில் ஏறியது கோபம். பிராப்ளம் இல்லையாம். இவன் வாயில் கொள்ளிக்கட்டையைத்தான் வைக்க வேண்டும். வலது கை எழும்பாததால் இடது கையாலேயே தாலிச் சங்கிலியைத் தலைவழியாகக் கழற்றினாள். அவர் மேஜைக்குப் போய், ரிஜிஸ்டரின் மேல் வைத்தாள். தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"நாளைக்கு இன்னா சார், இப்பவே கயட்டிட்டேன். நீங்களே வெச்சிக்கினு இருங்க. சாயந்தரம் எம்புருசன இட்டுகினு வரேன். அவரு கையில நீங்களே எடுத்துக் குடுங்க."

தட்சிணாமூர்த்தி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற மனுஷன். குத்துக்கல்லாட்டம் புருஷன் இருக்கிற ஒருத்தியின் தாலி அவர் மேஜையில் கிடக்கிறது. அதைத் தொடவும் முடியவில்லை, தொடாமல் ரிஜிஸ்டரை எடுக்கவும் முடியவில்லை. எடுத்துப் போட்டுக்கொள்ளம்மா என்று மூன்று தரம் கெஞ்சினார். கொக்கி மாட்டினால்தான் எடுப்பேன் என்று அவள் அசையாமல் நின்றாள்.

கால் மணி நேரத்தில் எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்தான். அஞ்சம்மாள் சங்கிலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போட்டாள். அன்று மதியம்வரை முழங்கை விலாவை விட்டு நகரவில்லை, கருவியும் வாயைத் திறக்கவில்லை.

சாப்பாட்டு மணி அடித்ததும் குழாயடிக்குப் போனாள். பொன்னி டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்த ஆளுக்கு இனி ஜென்மத்துக்கும் வாய் நீளாது என்று சொல்லி அஞ்சம்மாள் சிரித்தாள். உன்னைச் சொன்னதால்தான் எனக்கு அத்தனை ஆத்திரம் வந்தது என்றாள்.

பொன்னி குழாயை மூடினாள்.

"எனக்காவ ஒண்ணும் கேக்கலக்கா நீ. உன் கொக்கிக்குத்தான் கேட்ட. கயட்டின, அல்லாரும் மிஷின நிறுத்திட்டுப் பாத்தாங்க. கொக்கி வந்திச்சு, மறுபடியும் மாட்டிக்கின. என்னுத கயட்டுன அன்னிக்கு யாரு ஏணி எடுத்தாந்தாங்க?"

காலையிலிருந்து அஞ்சம்மாளுக்குப் பொங்கிய கோபம் அத்தனையும் இப்போது தன் மேலேயே திரும்பியது. பொன்னியின் கையிலிருந்த டப்பாவை வாங்கிக் கழுவிக் கொடுக்கக் கை நீட்டினாள். பொன்னி கொடுக்கவில்லை.