சன்னாசி பிடுங்கிய பிளக்

சிலிபின் என்கிற ஊரில் சன்னாசியின் வீட்டுக்குத் தெருவிலிருந்து படியிறங்கித்தான் போகவேண்டும். கட்டியபோது வீடும் தெருவும் ஒரே மட்டம். ரோட்டுக்காரர்கள் தார்மேல் தாராகக் கொட்டித் தெருவை மேலே தூக்கிக்கொண்டே போனார்கள். வீடு பாவம், இருந்த இடத்திலேயே இருந்தது. பின்னால் ஓடிய லோங்காங் சாக்கடையையும் புதிதாக வந்த வீடுகள் மூடிவிட்டன. அதனால் குளித்த தண்ணீர், சட்டி கழுவிய தண்ணீர், கக்கூசுத் தண்ணீர் எல்லாம் கொல்லைக் குழியில் வந்து விழும். குழிக்குள் கிடக்கும் பம்ப், தெருவுக்கடியில் ஓடும் பெரிய குழாய்க்கு அதை ஏற்றி அனுப்பும்.

சன்னாசி அந்தப் பம்பை ஒருநாளும் நம்பியதில்லை. கீழே போகிறதை மேலே ஏற்றிக் காட்டுகிறேன் என்கிறவன் ஓட்டுக் கேட்க வருகிறவன் மாதிரி, நம்பினால் நாறிப்போவோம் என்பது அவர் கட்சி.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. வானம் முழங்கினால் வீட்டிலுள்ள பிளக் அத்தனையையும் பிடுங்கிவிடுவார். ரப்பர்த் தோட்டத்துக் கூலி லயத்தில் இருந்தபோது பக்கத்து வீட்டு ரேடியோ இடி விழுந்து பாதிப் பாட்டில் வெடித்ததைக் கண்ணால் பார்த்தவர். டிவி, ஐஸ்பெட்டி, காற்றாடி, கடைசியில் பம்ப். குழி நிரம்பினால் கத்துவதற்கென்று ஒரு மணி உண்டு. அதுவும் பம்போடு ஒரே பிளக்கில்தான். பிளக் போனால் மணியும் ஊமை.

அந்தச் சனிக்கிழமை மகள் சாந்தினியைப் பெண்கேட்டு ஆயர் தாவாரிலிருந்து வருவதாக இருந்தது. பையன் ரஜீவ், சாந்தினியே பார்த்துப் பிடித்துக்கொண்டவன். அவன் அப்பா கதிரவேலு யாழ்ப்பாணத்து வழி. பாட்டன் காலத்திலிருந்து தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி குடும்பம். சன்னாசி வீட்டில் எல்லாரும் பால் மரம் வெட்டியவர்கள்.

"கிராணி வூட்டு ஆளுங்கலா. நாற்காலியத் தொடச்சிட்டுத்தான் உக்காருவாங்க, பாத்துக்க" என்றார் சன்னாசி.

"ஏங்க, இன்னிக்கு ஒரு நாளு வாய மூடிட்டு இருங்க. இந்த எடம் தட்டிப் போச்சின்னா அவ காலத்துக்கும் நம்மகிட்ட பேச மாட்டா" என்றாள் மனைவி வீரம்மா.

அப்போதே மேற்கே முழங்கியது. சன்னாசி எழுந்தார். பிடுங்க வேண்டியதையெல்லாம் பிடுங்கினார்.

கார் வந்து நின்றபோது நல்ல மழை. ஆயர் தாவாரிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தபடியே வந்தவர்கள். வணக்கம் சொன்ன கையோடு பையனின் அம்மா பூமணி கக்கூசுக்குப் போனாள். பிறகு கதிரவேலு. பிறகு ரஜீவ். உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் சன்னாசி குழியைக் கணக்குப் போட்டார். மெல்லக் கொல்லைக்குப் போய்க் குழி மூடியைத் தூக்கிப் பார்த்தார். விளிம்புக்கு ஒரு சாண்கூட இல்லை. பிளக்கைச் செருகினால் இடி பிடிக்கும். செருகாவிட்டால் குளியலறை வழியாகக் குழி வீட்டுக்குள் வரும்.

அவர் மூன்றாவது வழி ஒன்று கண்டுபிடித்தார். இந்த வீட்டில் இனி யாரும் சொட்டுத் தண்ணீர் ஊற்றக்கூடாது.

"காபி வேணாம் வீரம்மா" என்றார் சபையில். "குடிச்சா திரும்பப் போகத் தோணும்."

பூமணி கணவன் முகத்தைப் பார்த்தாள். வடை தின்று முடித்துக் கைகழுவ எழுந்தவளைச் சன்னாசி இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

"கை கழுவணும்னா மேல வாங்கக்கா. தெருவுல நல்லா கழுவலாம்."

வாளியும் செம்புமாக அவர் முன்னே படியேற, சம்பந்தி வீட்டார் குடை பிடித்துக்கொண்டு பின்னே ஏறினார்கள். தெருவோர லோங்காங் பக்கம் வரிசையாக நின்று கையை நீட்டினார்கள், சன்னாசி ஊற்றினார். இடிக்குப் பயந்து பிளக்கைப் பிடுங்கிய மனிதர் இடிக்குக் கீழேயே நிற்பது அவருக்கு உறைக்கவில்லை.

மோட்டார் சைக்கிளில் போன பக்கத்து வீட்டுத் தர்மேந்திரன் வேகத்தைக் குறைத்தான். "என்ன மாமா, பந்தி ரோட்டுலயா?"

"போடா வேலையப் பாத்துக்கிட்டு."

சாந்தினி படியேறி வந்தாள். கண் நிறைந்திருந்தது. "அப்பா, பம்ப் பிளக்கப் பிடுங்கிட்டீங்களா?"

குழாயில் அடைப்பு என்று சொல்லியிருக்கலாம். மகள் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை. "இடிக்குதுலா. பின்ன என்ன பண்ணச் சொல்ற? குழி ரொம்பிப் போச்சி. இவங்க முன்னால வீட்டுக்குள்ள வந்துச்சின்னா ஒன் கல்யாணம் என்னாவுறது?"

பூமணி மெதுவாகக் கணவன் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களோ?"

கதிரவேலு லோங்காங்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவரும் இதே ஆள்தான்" என்றாள் பூமணி. "ஒருக்கா இடிக்குது எண்டு ஐஸ்பெட்டியப் பிடுங்கிப்போட்டு என்னையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிட்டார். மூண்டு நாள் கழிச்சுத் திரும்பி வந்தா, மீன் மணம் தெருமுனையில வந்து எங்களக் கூப்பிடுது."

"இடி விழுந்திருந்தா?" என்றார் கதிரவேலு.

"விழேல்லையே."

சன்னாசி அப்போதுதான் கதிரவேலுவை நிமிர்ந்து பார்த்தார். "மொதல்ல எதப் பிடுங்குவீங்கண்ணே?"

"ஐஸ்பெட்டி."

"தப்புலா. டிவிதான் மொதல்ல. அதுக்குத்தான் கூரைமேல கம்பி இருக்கு."

இரண்டு பேரும் மழையில் வாதாடிக்கொண்டிருக்க, பூமணி விடுவிடுவென்று படியிறங்கினாள். கொல்லைச் சுவரில் தொங்கிய பிளக்கை வீரம்மா காட்டினாள், ஆனால் தொடவில்லை. இத்தனை வருஷத்தில் தொட்டதில்லை. பூமணி செருகினாள். முதலில் மணி அலறியது. பிறகு பம்ப் உறுமியது. அவ்வளவு நேரம் அடங்கிக் கிடந்ததெல்லாம் குழாயேறித் தெருவுக்கடியில், நின்றவர்கள் காலுக்குக் கீழே களகளவென்று ஓடியது. வீடு வெடிக்கவில்லை.

எல்லாரும் உள்ளே வந்து காபி குடித்தார்கள். சன்னாசி மட்டும் ஒரு கண்ணை ஜன்னலில் வைத்துக்கொண்டு குடித்தார்.

"பிள்ளைய எங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் பூமணி. "இப்பிடி ஒரு மனுசரோட வளர்ந்தவள், எங்கட வீட்டையும் சமாளிப்பாள்."

சாந்தினி சிரித்துவிட்டாள். வீரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஆயர் தாவாரில தெரிஞ்ச ஆக்களின்ட மண்டபம் ஒண்டு இருக்கு" என்றார் கதிரவேலு. "பேசினா கிடைக்கும்."

சன்னாசி குவளையைக் கீழே வைத்தார். "ரோட்டுக்கு மேலயா, கீழயா?"

"மேல. அதப் பாத்திட்டன். ஆனா மெயின் சுவிட்சு எங்க எண்டு இன்னும் பாக்கேல்ல."

"அதப் பாக்காம எப்படிண்ணே தேதி வைக்கிறது? நாளைக்கு நானும் வாரேன், போலாம்."