மேற்கு அறைக்கு எண் இல்லை

திருவேற்காட்டில் கஜபதி கார் வாங்கிய அன்று, அவர் மகள் பவித்ராவின் மேற்கு அறை இரண்டடி சுருங்கியது. ஓசை வரவில்லை, சுண்ணாம்பு உதிரவில்லை. கட்டில் மட்டும் சுவரில் இடித்து நின்றது.

கஜபதி அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு மூடிகளுக்குக் கணினியில் வடிவம் போடுகிறவர். அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. மொத்த அகலத்தைக் கொடுத்த பிறகு உள்ளளவு எல்லாவற்றையும் எண்ணாகக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கணினி முரண்டு பிடிக்கும். ஒன்றை மிச்சமென்று விட வேண்டும், எதை விடுவது என்பதில்தான் சாமர்த்தியம். தன் வீட்டையும் அவரே வரைந்தார். மொத்த அகலம் முப்பதடி, அப்போதிருந்த பைக்குக்கு ஆறு, ஹாலுக்குப் பதினாலு. மகள் அறையை மிச்சமென்று விட்டார், சாமர்த்தியசாலி! கட்டி முடித்த பிறகும் வீடு அந்த வரைபடத்தின் பேச்சையே கேட்டது. கணினியில் எண்ணை மாற்றினால் காபி ஆறுவதற்குள் சுவர் நகரும். தெருக்காரர்கள் இரண்டு நாள் வேடிக்கை பார்த்துவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள்.

காருக்காக வண்டி இடம் எட்டடியானது. பெரிய டிவி வந்தபோது ஹால் மூன்றடி வளர்ந்தது. ஊரடங்கில் அவர் மேசை போட இன்னும் இரண்டடி. பவித்ராவுக்கு மூன்றடி மிஞ்சியது. கட்டிலைக் கழற்றிவிட்டு, தோளைக் குறுக்கி ஒருக்களித்துப் படுக்கக் கற்றுக்கொண்டாள். ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்து கேட்டாள்.

“நைனா, என் ரூமுக்கும் ஒரு நம்பர் போடேன்.”

“மிச்சம் கீறதெல்லாம் உனுக்குத்தாம்மா,” என்றார் கஜபதி. பாவம், பாசமாகத்தான் சொன்னார்.

மனைவி கண்ணம்மா ஒருநாள் வெடித்தாள்: “பெத்த பொண்ணு இன்னாய்யா, மிச்சம் மீதியா?” அதற்குள் பவித்ரா முகப்பேரில் வாடகைக்கு அறை பார்த்துப் போய்விட்டிருந்தாள்.

கஜபதி அன்றைக்கே மகள் அறைக்குப் பதினெட்டு என்று எண் போட்டார். ஹாலை மிச்சமாக்கினார். புதுக் கட்டிலும் வாங்கிப் போட்டார். நாலடி ஹாலில் புருஷனும் பெண்டாட்டியும் தோள் இடிக்க நின்றபடி டிவி பார்க்கிறார்கள். ஒரு எண்ணை மாற்ற எவ்வளவு நேரமாகும், இதை அவள் கேட்ட அன்றே செய்திருக்கலாமே என்று அவர் அழாத நாள் இல்லை.

பொங்கலுக்குப் பவித்ரா வந்தாள். பதினெட்டடி அறைக்குள் பழக்கத்தில் பக்கவாட்டாகத் திரும்பி நுழைந்தாள். புதுக் கட்டிலைத் தொடவில்லை; சுவரோரம் பாயை விரித்து, தோளைக் குறுக்கி ஒருக்களித்துப் படுத்தாள். அவள் முகப்பேருக்குத் திரும்பிய பிறகு கஜபதி டேப் எடுத்து அந்த இடத்தை அளந்தார். மூன்றடி. மீதிப் பதினைந்து அடியைக் கண்ணம்மா தினமும் பெருக்கித் துடைக்கிறாள்.