அறுத்துப் பார்த்த பந்து

சந்திரசேகர் பந்தைக் கவ்வியில் இறுக்கி, ரம்பத்தை வைத்தார்.

நகரத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் அவருடைய விளையாட்டுச் சாமான் கடை. எதிரே அறிவுச்செல்வியும் அவள் கணவன் பொன்னனும். திருச்செங்கோட்டில் அவர்கள் பட்டறையில் தைத்த கிரிக்கெட் பந்துகள், மூட்டையாகத் திரும்பி வந்து கிடந்தன.

இந்த ஆர்டர் நிலைத்தால் பொன்னன் ஊரில் இருப்பான். கைவிட்டுப் போனால், மறுபடி ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரியில் சத்தீஸ்கர். போன தடவை குழந்தை வயிற்றிலேயே இறந்தபோது அவன் சிக்னல் எட்டாத காட்டில் இருந்தான். இப்போது அவளுக்கு மறுபடி ஐந்தாம் மாதம்.

பந்து பிளந்தது. சிவப்புத் தோலுக்குள்ளே, நடுவிலிருந்த கார்க்கைச் சுற்றிய கம்பளி நூல் கறுத்துப் பூசணம் பூத்திருந்தது.

"மோந்து பாரும்மா. குடுத்தன்னைக்கு எடை சுத்தமா நின்னுச்சு. இப்ப ஆட்டுனா கிலுகிலுப்பை. பவுலர் பசங்க சிரிக்கிறாங்க."

நூலை நனைத்துத்தான் சுற்றுவார்கள். நிழலில் மெல்லக் காயும்போது அது கார்க்கை இறுக்கிப் பிடிக்கும். பிறகுதான் தோல். இந்த ஐப்பசி மழையில் உருண்டைகள் காயவே இல்லை. அவள் ஸ்கேனுக்காக அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது எல்லாம் காய்ந்திருந்தன. ஃபேன் போட்டேன் என்றான் பொன்னன். நம்பித் தைத்தாள்.

குனிந்து பார்த்தாள். மேல்நூல் மட்டும் சூடுபட்டு மஞ்சளித்திருந்தது. அதில் சின்னதாக ஒரு தூவி. கோழிக்குஞ்சின் தூவி.

நாமக்கல்லில் அவன் சிநேகிதனுக்குக் கோழிப்பண்ணை. குஞ்சுகளுக்குச் சூடேற்றும் பல்புக்கடியில் உருண்டைகளைக் கொண்டுபோய் வைத்திருக்கிறான் பொன்னன். வெளியே காய்ந்துவிட்டது. உள்ளே ஈரம் அப்படியே.

நகத்தால் தூவியைக் கிள்ளி எடுத்தாள்.

"நாந்தானுங்க. அவசரத்துல ஈரத்தோட தெச்சுப்போட்டேன். வேற தெச்சுத் தாரனுங்க," என்றாள்.

"டோர்னமெண்ட் ஆரம்பிச்சாச்சும்மா. மீரட்டுல இருந்து பந்து இறக்கிட்டேன். இனி வேண்டாம்."

ஊர் திரும்பும் பேருந்து சங்ககிரியைத் தாண்டியது. பிறகு பொன்னன் கேட்டான். "ஏம்புள்ள பழிய உன்ற தலைல போட்டுக்கிட்ட?"

"தெச்சது நாந்தானுங்களே."

"நீ கிள்ளி எடுத்தத நானும் பார்த்தேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"உன்னையத் தனியா உட்டுப்போட்டுப் போகக் கூடாதுன்னுதான் புள்ள அப்படிப் பண்ணுனேன்."

"தெரியுமுங்க."

போன் அடித்தது. ரிக் முதலாளி. பொன்னன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது.

"எடுங்க," என்றாள்.

எடுத்தான். "வாரனுங்கண்ணா," என்றான்.

"எப்பவுங்க?"

"நாளைக்குக் காத்தால."

அவனைப் பார்க்காமலே தலையசைத்தாள்.

"அங்க குளுருமுங்க. ஸ்வெட்டர எடுத்து வெக்கறேன்."