வாங்க வராத முகம்

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் மழைக்காலத்தில், டெல்லி ஆர்.கே.புரம் சர்க்கார் குவார்ட்டர்ஸில் குடியிருந்த மேதா என்கிற பத்தொன்பது வயதுப் பெண், கொரியாக்காரி ஆகிவிடுவதென்று முடிவு செய்தாள். பாஸ்போர்ட் தேவைப்படவில்லை. கல்லூரித் தோழி தோய்பி மணிப்பூரிலிருந்து ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்த கொரிய சீரியல் டிவிடிக்களே போதுமானவையாக இருந்தன. அவற்றில் வருகிற பெண்களுக்கு வியர்ப்பதில்லை. மணிக்கணக்காக அழுதாலும் மூக்கு சிவப்பதில்லை. காதலன் லாரியில் அடிபட்டு நினைவு தப்பிக் கிடக்கும்போதும் நெற்றியில் விழுந்த முடி, ஸ்கேல் வைத்து வெட்டியதுபோல் நிற்கும்.

மேதாவும் முனிர்கா பார்லரில் அப்படியே வெட்டிக்கொண்டு வந்தாள். சரோஜினி நகர் மார்க்கெட்டில் துணிக் குவியலிலிருந்து முழங்கால் வரை தொங்கும் கோட்டு ஒன்றை உருவி, ஆகஸ்ட் புழுக்கத்தில் அதை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

"என்னடி இது, நெத்தியையே காணோம்?" என்றாள் அம்மா சியாமளா. "பொட்டை எங்க வெச்சுப்பே, மூக்கு மேலயா?"

ஆட்டோக்காரன் ஒருவன், நேபாளமா என்று விசாரித்ததில் மேதாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நேபாளம் வரை வந்தாயிற்று, இன்னும் கொஞ்ச தூரம்தான் பாக்கி. ஓடிப்போய்த் தோய்பியிடம் சொன்னாள்.

"இதுக்கா இவ்வளவு குஷி?" என்றாள் தோய்பி. "டெல்லிக்கு வந்த நாளா எனக்கு இது தினமும் இலவசமா கிடைக்குது. வேணும்னா என் பங்கையும் நீயே எடுத்துக்கோ."

ஆனால் முடிக்கும் கோட்டுக்கும் நடுவில் முகம் என்று ஒன்று மிச்சமிருந்தது. மாநிறம், உப்பிய கன்னம், அதற்குக் கீழே அப்பா ராஜாராமன் வழியில் வந்த அகன்ற தாடை. அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசருக்குக் கம்பீரம் தரக்கூடிய தாடைதான், கொரியாவில் செல்லாது. மேதாவுக்கு இருந்தது ஒரே ஆசை. அந்த மாதிரி ஒரு முகம் வேண்டும், அதைப் பார்த்து யாராவது ஒருத்தர், அவள் கேட்காமலே, "இது நீதானே?" என்று சொல்ல வேண்டும்.

செக்டார் மார்க்கெட்டில் ஸ்டுடியோ வைத்திருந்த பிட்டு, கல்யாண போட்டோக்களில் மாப்பிள்ளைகளை வெளுப்பதில் பெயர் போனவன். டிவிடி அட்டையிலிருந்த நடிகையைக் காட்டி, "இந்த மாதிரி, பிட்டு அண்ணா" என்றாள் மேதா. அவன் அட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பெருமூச்சு விட்டான். அவளை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னான்.

வந்த படத்தைக் கண்டு மேதா மூச்சுவிட மறந்தாள். பால் வெளுப்பு. கூர்ந்து இறங்கும் தாடை. நீண்ட கண்கள், கேமராவைப் பார்க்காமல் அதற்குப் பின்னால் நிற்கும் யாரையோ பார்த்துக்கொண்டிருந்தன. பெரிதாகப் போட்டு, கண்ணாடிச் சட்டம் மாட்டிக் கொண்டுவந்தாள்.

எங்கே மாட்டுவது என்பதில்தான் கோளாறு. சர்க்கார் குவார்ட்டர்ஸ் சுவரில் ஆணி இறங்காது. அடித்தால் ஆணி வளையும், இல்லாவிட்டால் மேல்வீட்டுக்காரர் இறங்கி வருவார். கூடத்தில் காலியாக இருந்தது ஒரே ஓர் ஆணி. அது, காலஞ்சென்ற தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. தாத்தாவுக்குச் சந்தன மாலையும் சின்னச் சிவப்பு பல்பும் உண்டு. பல்பின் வெளிச்சம் பேத்தி மீதும் கொஞ்சம் விழுந்தது.

சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்த ராஜாராமன் அண்ணாந்து பார்த்தார். "யாரு, தோய்பியா? பாவம், என்ன ஆச்சு அவளுக்கு?"

மேதா கதவைச் சாத்திக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள்.

மறுநாள் காலை முத்தம்மா வேலைக்கு வந்தாள். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரி. பஸ்திக் குடிசையில் இருந்துகொண்டு நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள். கூடம் பெருக்கும்போது படத்தைப் பார்த்தவள், துடைப்பத்தை ஓரமாகச் சாத்தினாள். செத்துப்போன பெரியவருக்குப் பக்கத்தில், ரத்தமே இல்லாத முகத்தோடு ஒரு கன்னிப்பெண். இதில் கேட்க என்ன இருக்கிறது? கல்யாணமாகாமல் போய்விட்ட பெண் அந்தக் குடும்பத்துக்குக் காவலாக நிற்பாள், பூவாடைக்காரி என்று பெயர், பூவும் புதுத்துணியும் வைத்துக் கும்பிட வேண்டும் என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். எப்படிப் போனாள் என்று வீட்டுக்காரர்களைத் துருவுவது மட்டும் மரியாதை இல்லை.

ஆகவே முத்தம்மா கேட்கவில்லை. மறுநாளிலிருந்து படத்தின் நெற்றியில் குங்குமம் இருந்தது. அடுத்து, சட்டத்தின் மேல் ஒரு நந்தியாவட்டைப் பூ. அம்மா கேலி செய்கிறாள் என்று மேதா நினைத்தாள். பெண்ணுக்குத் தலைக்கனம் முற்றித் தனக்கே பூப்போட்டுக்கொள்கிறாள் என்று சியாமளா நினைத்தாள். ராஜாராமன் ஒன்றும் நினைக்கவில்லை, அவருக்குப் பார்லிமெண்ட் கேள்விக்குப் பதில் தயாரிக்க வேண்டியிருந்தது.

ஒருநாள் சியாமளா கையும் பூவுமாகப் பிடித்தாள்.

"முத்தம்மா! என்ன பண்றே நீ?"

"சாமிக்குப் பூ வெக்கிறேன்மா."

"எந்தச் சாமி? அது நம்ம மேதா!"

முத்தம்மா படத்தைப் பார்த்தாள். தோசையோடு வந்து நின்ற மேதாவைப் பார்த்தாள். பிறகு சியாமளாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வுடும்மா. எங்க வூட்லயும் இப்பிடிப் போன பொண்ணப் பத்தி வெளிய சொல்ல மாட்டாங்க. பாப்பா கருப்பா, லட்சணமா, நல்லா இருக்குது. இது வேற பொண்ணு. கண்ணப் பாரு, இந்தப் பக்கத்தத் தாண்டிப் போன கண்ணு."

"அவ ஒண்ணும் தப்பா சொல்லிடலையே" என்றார் ராஜாராமன் பேப்பருக்குப் பின்னாலிருந்து. தோசைத் தட்டு டங்கென்று மேஜையில் விழுந்தது.

அந்த வாரமே முத்தம்மாவின் மகள் அம்பிகாவுக்கு டெங்கு வந்தது. ஊரே கொசுவுக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்த சமயம். பெரியாஸ்பத்திரியில் ஒரு கட்டிலில் இரண்டு பேராகப் போட்டிருந்தார்கள். முத்தம்மா அங்கிருந்து ஓடிவந்து வீட்டு வேலையை முடித்துவிட்டு ஓடினாள். போகுமுன் படத்துக்கு முன்னால் நிற்பாள். உதடு மட்டும் அசையும்.

மேதாவுக்கு அம்பிகாவை நினைத்து வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கும் மேலே ஒரு ரோஷம் உட்கார்ந்திருந்தது. முகம் தன்னுடையது, பூசை வேறு ஒருத்திக்கா? நிரூபித்துவிடுவது என்று கிளம்பினாள். சியாமளா மலை மந்திர் கோயிலுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், தோய்பி கொடுத்த கிரீமை இரண்டு பூச்சுப் பூசினாள். கன்னத்துக்குக் கீழே பழுப்பு நிறம் இழுத்துத் தாடையை ஒடுக்கினாள். கண்ணைப் பெரிதாக்கும் லென்ஸ் போட்டாள், முடியை இழுத்து விட்டாள், கோட்டை மாட்டினாள். கண்ணாடியில் பார்த்தபோது அவளுக்கே ஒரு கணம் நாற்காலி போட வேண்டும்போல் இருந்தது, விருந்தாளி வந்தமாதிரி.

மின்சாரம் போயிருந்தது. ஜன்னல் திரை வழியே வந்த மங்கலில், படத்தின் பக்கத்தில், படத்தைப் போலவே தலையைச் சாய்த்து நின்றாள். முத்தம்மா வரட்டும். "இப்ப சொல்லு, யாரு இது?" என்று கேட்க வேண்டும்.

முத்தம்மா வந்தாள். பக்கெட் கீழே விழுந்து தண்ணீர் கூடம் முழுக்க ஓடியது. அந்தத் தண்ணீரிலேயே அவள் விழுந்தாள்.

"வந்துட்டியா தாயி" என்றாள். "கூப்புட்டேன், வந்துட்டியா? ரத்தத்துல தட்டணு கொறையுதுன்னு டாக்டரு கை விரிக்கிறாரும்மா. எம்பொண்ணு பொழைப்பாளா? ஒரு வார்த்த சொல்லு."

முத்தம்மா, நான்தான், மேதா. இதுதான் சொல்ல வேண்டியது. நாக்கில் தயாராகவும் இருந்தது. ஆனால் அவ்வளவு பெரிய ஏமாற்றத்தை மேதா அதுவரை யாருக்கும் முகத்துக்கு நேரே கொடுத்ததில்லை.

"பொழைப்பா" என்றது குரல். "நான் போய்ப் பாத்துக்கறேன்."

முதல் வார்த்தை தன்னுடையதுதான் என்று மேதாவுக்குத் தெரியும். இரண்டாவதை அவள் நினைக்கவேயில்லை. முத்தம்மா அவள் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "காலு இன்னாமா சில்லுன்னு கீது" என்று முனகியபடி, துடைப்பத்தைக்கூட எடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

மேதா கோட்டுக்குள் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தாள். குனிந்து காலைத் தொட்டாள். சில்லென்றுதான் இருந்தது. கிரீமைக் கழுவினாள். கிரீம் உடனே போய்விட்டது. வெளுப்பு போகக் கொஞ்சம் நேரமாயிற்று.

அன்று சாயங்காலமே பிட்டுவிடம் போனாள். வெளுக்காத பழைய போட்டோ வேண்டும், வீட்டில் காட்ட வேண்டும் என்றாள்.

"அதுல உன்னோடது என்ன இருக்கு, தங்கச்சி?" என்றான் பிட்டு, சமோசாவைக் கடித்துக்கொண்டே. "நிறம்னா மாத்தலாம். உங்கப்பா தாடையை நான் எங்க கொண்டு போடறது? காது ரெண்டும் உன்னோடது, கழுத்து உன்னோடது. முகம் வேற ஒரு பொண்ணோடது."

"யாரோடது?"

"போன வருஷம் ஒரு பொண்ணு வந்தா, மலைப் பக்கத்துக்காரி. வேலைக்கு அப்ளிகேஷன் போடணும்னு போட்டோ எடுத்துக்கிட்டா. வாங்க வரவே இல்ல. அப்புறம் விசாரிச்சா, ரூம்லயே காய்ச்சல் வந்து போயிட்டாளாம். சொந்தக்காரங்க யாரும் பக்கத்துல இல்ல." பிட்டு விரலை நக்கிக்கொண்டான். "நல்ல முகம். சும்மாதானே கெடந்துது."

மேதா வீட்டுக்கு வந்து படத்தைக் கழற்றக் கையை நீட்டினாள்.

"தொடாதே!" என்று சியாமளா சமையலறையிலிருந்து கத்தினாள். "அந்தக் குழந்தைக்கு நேத்திக்கு விட இன்னிக்குத் தேவலையாம். முத்தம்மா போன் பண்ணினா. டிஸ்சார்ஜ் ஆகட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்." படத்துக்குக் கீழே ஓர் அகல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சியாமளாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, விளக்கு ஏற்றுவதில் மட்டும்தான்.

அதற்குப் பிறகு மேதா கூடத்தைக் கடக்கும்போது சுவரைப் பார்க்காமல் கடந்தாள். டிவிடிக்களைத் தோய்பியிடம் திருப்பிக் கொடுத்தாள். நெற்றி முடியை ஹேர்பின்னால் தூக்கிக் குத்தினாள். அது சரிந்து சரிந்து விழுந்தது.

அம்பிகா பிழைத்துக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முத்தம்மா அவளை அழைத்துக்கொண்டு வந்தாள். கையில் பொங்கல் தூக்கு, வெற்றிலை பாக்கு, புதுப் பாவாடைத் துணி. சியாமளா படத்துக்கு முன்னால் கோலம் போட்டு வைத்திருந்தாள். ராஜாராமன் சட்டை போட்டுக்கொண்டு, ஏதோ திறப்பு விழாவுக்கு வந்தவர்போல் நின்றார்.

"பாப்பா, கொஞ்சம் தள்ளிக்கோ, மறைக்கிறே" என்றாள் முத்தம்மா. மேதா தள்ளிக்கொண்டாள்.

அம்பிகா அதிக நேரம் நிற்கும் நிலையில் இல்லை. மேதா அவளைப் பால்கனிக்குக் கூட்டிப்போய் ஸ்டூலில் உட்காரவைத்தாள். பதினாலு வயதுப் பெண், கை குச்சியாக இளைத்திருந்தது. அவளிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று மேதாவுக்குத் தோன்றியது.

"அம்பிகா, உங்கம்மா நம்ப மாட்டா. அந்தப் படத்துல இருக்கறது சாமி இல்ல. நான்தான்."

"தெரியும்க்கா" என்றாள் அம்பிகா.

மேதா எத்தனை நாளாகக் காத்திருந்த வார்த்தை. "எப்படித் தெரியும்?"

"அவங்கதான் சொன்னாங்க. ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் பக்கத்துலயே இருந்தாங்களே. நடுக்கம் வரப்பல்லாம் கையப் புடிச்சிக்குவாங்க. கை சில்லுன்னு, நல்லா இருக்கும். படம் உங்களுதுதான், மூஞ்சி மட்டும் அவங்களுதுன்னு சொன்னாங்க." கீழே ரொட்டிக்காரன் சைக்கிளில் கூவிக்கொண்டு போனான். அம்பிகா அவன் போகும்வரை காத்திருந்தாள். "எப்பத் திருப்பித் தருவீங்கன்னு கேட்டாங்க. அது இல்லாம எங்கயும் போவ முடியலியாம். நான் கேட்டுச் சொல்றேன்னேன்."

மேதாவின் கை தானாக முகத்தில் போய் நின்றது. அகன்ற தாடை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். இருந்தது. அதைத் தடவியதில் வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்கு நிம்மதி வந்தது.

"எடுத்துக்கச் சொல்லு" என்றாள். "இப்பவே. எனக்கு வேண்டாம். என்னோடது எனக்குப் போறும்."

"செரிக்கா" என்றாள் அம்பிகா, ஒரு சாமானை உரியவரிடம் சேர்க்கச் சம்மதித்தவள்போல.

மேதா பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். குழாயைத் திறந்து முகத்தை அலம்பினாள். கையில் தண்ணீர் பிடித்து வாய் கொப்பளிக்க ஆரம்பித்தாள். எதிரே கண்ணாடி இருந்தது. நிமிர்ந்து பார்க்க இன்னும் தைரியம் வரவில்லை.

கூடத்தில் மணிச் சத்தம் கேட்டது. முத்தம்மா குலவையிட்டாள்.

"மேதா!" என்று சியாமளா கூப்பிட்டாள். "கற்பூரம் ஏத்தப் போறா. ஜல்தி வா!"

"இங்கதான் இருக்கேன்மா, உன் பக்கத்துல" என்று கூடத்திலிருந்து பதில் வந்தது.

"அட, எப்ப வந்தே? நன்னா இருக்குடி இந்தக் கோட்டு" என்றாள் சியாமளா.

பதில் சொன்னது மேதாவின் குரல்தான். மேதாவின் வாய் நிறையத் தண்ணீர் இருந்தது.