வளைவில் வெடித்த பூச்சு

அந்த ஆய்வுக்கூடத்தில் அவனுக்குப் பெயர் கிடையாது, மச்சான்தான். அக்காவின் புருஷன் அப்படிக் கூப்பிட ஆரம்பித்து, கடைசியில் கூட்டிப் பெருக்குகிறவர் வரைக்கும் அவனை மச்சான் என்றே கூப்பிட்டார்கள். ஊருக்கெல்லாம் மச்சானாக இருப்பதில் என்ன சுகம்? வேலை வாங்கிக் கொடுத்தவர் அந்த மாமாதான். அதை அவர் ஒருநாளும் மறந்ததில்லை, மற்றவர்களையும் மறக்க விட்டதில்லை.

அங்கே உருவாகிக்கொண்டிருந்தது ஓர் அறுவை சிகிச்சைக் கருவி. பென்சிலைவிட மெல்லிய குழாய். அதன் நுனி வயிற்றுக்குள் போய் எந்தப் பக்கமும் வளைய வேண்டும். வளைந்த நிலையிலேயே ரத்தக்குழாயைக் கவ்விப் பிடித்து, மின்சாரத்தால் சுட்டு, அதன் வாயை ஒட்டி மூட வேண்டும். வளைப்பது மாமாவின் மேசை. சுடுவது மச்சானின், அதாவது அக்காவின் தம்பியின், மேசை. சண்டையெல்லாம் இடத்துக்குத்தான். நுனியை இழுத்து வளைக்கும் கம்பிகளும் மின்கம்பிகளும் ஒரே துளைக்குள் குடித்தனம் நடத்தியாக வேண்டும். மாமா தன் கம்பிகளைத் தடியாக்கிக்கொண்டு மிச்சத்தை மச்சானுக்கு விட்டார்.

இடம் போதவில்லை என்று தம்பி சொன்னபோது மாமா முதலாளி முன்னாலேயே சிரித்தார்.

"மின்கம்பி மேல இருக்கிற பூச்சைக் குறைச்சுக்க மச்சான். என் வீட்டுல ஒரு வருஷம் ஒண்டிக்கிட்டு இருந்தியே, உன் கம்பியும் அப்படி ஒண்டிக்கும்."

முதலாளியும் சிரித்தார். அதே கூடத்தில் சோதனைக்கான பன்றித் தசையையும் ரத்தக்குழாய்களையும் தயார் செய்கிற வேலை அக்காவுக்கு. அவள் சிரிக்கவில்லை, ஆனால் புருஷனை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. தம்பி இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டான்.

பூச்சைக் குறைத்தான். குறைத்த கம்பியில் ஒரு துண்டு வெட்டி, விரலால் நாலு தடவை மடக்கி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தான். பூச்சில் மயிரிழையாக வெடிப்பு. கம்பி நேராக இருந்தால் வம்பில்லை. முழுக்க வளைந்தால் வெடிப்பு வாயைத் திறக்கும். மின்சாரம் வளைவைச் சுற்றியிருக்கும் உலோக வளையங்களுக்குப் பாயும். அந்த வளையங்களை எது தொட்டுக்கொண்டிருக்கிறதோ அது வெந்துபோகும்.

சொல்லத்தான் போனான். "மாமா, அந்தப் பூச்சு" என்று ஆரம்பித்ததுமே மாமா பக்கத்து மேசைகளைப் பார்த்துத் திரும்பிவிட்டார். தையல் போடச் சொன்னால் ஊசி சரியில்லை என்கிற ஆள் இவன் என்றார். "சின்ன வயசுலேருந்தே இவன் அப்படித்தானாம், ஒண்ணும் தெரியாதாம். இவன் அக்காவே சொல்லுவா." தம்பி தன் மேசைக்குத் திரும்பி வந்தான்.

அதற்கப்புறம் சொல்லவே இல்லை. அங்கே வேலை நடக்கிற லட்சணம் அவனுக்கு வசதியாகவும் இருந்தது. வளைக்கும் மேசை மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு வளைத்துப் பார்க்கும். சுடும் மேசை குழாயை நேராகக் கிடத்திச் சுட்டுப் பார்க்கும். இரண்டும் தேறியாயிற்று. வளைத்துக்கொண்டே சுட்டுப் பார்க்க வேண்டுமானால் முழுக் கருவியும் வேண்டும். அது மாமாவின் மேசையில் இருந்தது. போய்க் கேட்க வேண்டும். எதற்குக் கேட்க வேண்டும்? நாளைக்குக் கருவியைப் பார்க்க வரப்போகிற பெரிய சர்ஜன் முன்னால் அதை வளைத்து, மின்சாரம் விடுகிற பெடலை மாமா மிதிக்கட்டும். வளைவில் புகை வரட்டும். மூக்கறுபட்டு நிற்கட்டும். அப்போது இந்தத் துண்டை எடுத்துக் காட்டி, யாருடைய தடிக்கம்பியால் வந்த வினை என்று சொல்லிக்கொள்ளலாம். நினைக்க நினைக்க அவனுக்கு இனித்தது. அப்படி ஒரு அற்பப் புத்தி.

அந்த நேரம் அக்கா பின்னால் வந்து நின்று மைக்ராஸ்கோப்பில் எட்டிப் பார்த்தாள்.

"என்னடா இது, வெடிச்சிருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. பழைய துண்டு." எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் சர்ஜன் வந்தார். தட்டில் பன்றியின் ரத்தக்குழாய். நேராகச் சுடுவதை எவனும் செய்வான், குழாயின் பின்பக்கமாக வளைந்து போய்ப் பிடியுங்கள் என்றார். ரத்தக்குழாயைப் பிடித்திருந்த கவ்வி குறுக்கே இருந்தது. மாமா அதைக் கழற்றிவிட்டு, அக்காவைக் கையால் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கையுறை வழுக்கியது, அதையும் கழற்றச் சொன்னார். ஈரக் கையோடு அவள் குழாயைப் பிடிக்க, கருவி பின்பக்கமாகச் சுற்றிப்போய் முழுக்க வளைந்தது. அந்த வளைவு அவளுடைய மணிக்கட்டின் உட்புறம் போய்ப் படுத்தது.

தம்பி இரண்டடி தள்ளி நின்றான். நிறுத்துங்க என்று ஒரு வார்த்தை. அது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் அக்கா பிழைப்பாள். மாமாவும் பிழைத்துவிடுவார். அந்த இரண்டாவதை அவன் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதே மாமா பெடலை மிதித்தார்.

அவள் கத்திய கத்தலில் தட்டு கீழே விழுந்தது. மணிக்கட்டில் வெள்ளை வெள்ளையாக வளையத் தடங்கள், வரிசையாக. மாமா அவளைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். சர்ஜன் குனிந்து பன்றிக்குழாயை எடுத்துப் பார்த்து, ஒட்டு மட்டும் பிரமாதம் என்றார். பாவி மனுஷன்.

முதலாளி கருவியைத் திருப்பிப் பார்த்தார். வளைவில் மின்சாரம் கசிந்திருக்கிறது, பூச்சு யார் பொறுப்பு என்று கேட்டார். எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள். மாமாவும் பார்த்தார். கேலி இல்லாமல் அவர் அவனிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"இப்படி ஆகும்னு உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றால் அக்காவைத் தெரிந்தே சுடவிட்டவன். தெரியாது என்றால் இவர்கள் இத்தனை நாள் சிரித்ததெல்லாம் நியாயம். தம்பியின் கை, காட்டுவதற்கென்று அந்தத் துண்டைக் கொண்டுவந்திருந்த சட்டைப் பைக்குப் போனது.

குழாயடியிலிருந்து அக்காதான் பதில் சொன்னாள். கை தண்ணீருக்குள் இருந்தது. பார்வை அவன் சட்டைப் பையில் இருந்தது.

"அவனுக்குத் தெரியாதுங்க. சின்ன வயசுலேருந்தே அவன் அப்படித்தான். ஒண்ணும் தெரியாது."

முதலாளி அவன் பக்கம் திரும்பி, அப்படியா என்றார்.

"ஆமாங்க" என்றான் தம்பி. "எனக்குத் தெரியாது."