இடது காலுக்கு ஒரு மிதி

வாசலில் இரண்டு முறை இருமல் கேட்டதும் குமுதினி வெல்டிங்கை நிறுத்தினாள். காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தவள் சில்லு பூட்டிய பலகையைக் காலால் உந்தி வெளியே வந்து, முகக்கவசத்தைக் கழற்றி மேசைக்குக் கீழே தள்ளினாள். தோல் ஏப்ரன் ஆணியில் ஏறியது. கையுறைகள் வாளிக்குள் போயின. தெருவில் கார்க் கதவு அடித்துச் சாத்தும் சத்தம் வருவதற்குள் அவள் உள்கதவால் குசினிக்குள் போய்விட்டாள். கராஜ் வாசலில், பிளாஸ்டிக் கதிரையில், இருமி எச்சரித்த அவளுடைய கணவர் அருட்பிரகாசம் மட்டும் இருந்தார். வலது கை மடியில் கிடந்தது. ஊன்றுகோல் இடது கைக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தது. அவருக்குப் பின்னால், நான்கு தாங்கிகளின் மேல், தந்த நிறத்துப் பழைய ரக்சிக் கார் ஒன்று நின்றது. சுட்ட இரும்பின் மணம் இன்னும் போகவில்லை.

"அண்ணை, இண்டைக்கும் வேலை நடக்குது போல. தெருமுனை வரைக்கும் மணக்குது," என்றபடி சில்வெஸ்டர் வந்தார். ஜெர்மன் நகரமான ஹம்மின் தமிழ்க் கலை மன்றத்துச் செயலாளர். எதையும் உரத்துச் சொல்பவர், எதையும் உடனே நம்புபவர்.

"சின்ன ஒட்டு ஒண்டு," என்றார் அருட்பிரகாசம்.

"ஒற்றைக் கையாலை! நாங்கள் ரண்டு கையையும் வைச்சுக்கொண்டு ரயர் மாத்த ஆளைத் தேடுறம்."

குசினியில் கேத்தில் கொதித்தது. குமுதினி கைகளைச் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவினாள். நகத்துக்குள் இருந்த கறுப்பு மட்டும் போகவில்லை. தட்டை ஏந்திப் போகும்போது விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டாள்.

இந்தப் பொய்யை யாரும் திட்டமிட்டுச் சொல்லவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன், தூசி மூடிக் கிடந்த ரக்சியின் கதவுக்குக் கீழே இருக்கும் விளிம்பில் குமுதினி ஒரு திருப்புளியை வைத்து அழுத்தினாள். அது துருவை உடைத்துக்கொண்டு கைப்பிடி வரை உள்ளே போனது. அன்று மாலை, கறள் பிடித்த தகட்டை அவள் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தபோது தண்ணீர் குடிக்க உள்ளே போன ஐந்து நிமிடத்தில் சில்வெஸ்டர் வந்தார். கதிரையில் இருந்த மனிதரையும் அவர் காலடியில் கிடந்த அரவை இயந்திரத்தையும் பார்த்தார். "அண்ணை, நீங்களோ?" என்று கேட்டார். பக்கவாதம் வந்த பிறகு அருட்பிரகாசத்தை அப்படி வியந்து யாரும் எதையும் கேட்டதில்லை. மாத்திரை போட்டீர்களா, விழுந்துவிடாதீர்கள், மெல்ல மெல்ல என்றுதான் கேட்பார்கள், சொல்வார்கள். அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உள்கதவில் நின்ற குமுதினி அவருடைய முகத்தைப் பார்த்தாள். திரும்பிப் போய்த் தேத்தண்ணீர் போட்டாள். அதற்குப் பிறகு ஆட்கள் வரும்போதெல்லாம் தேத்தண்ணீர்தான்.

அவள் வெல்டர் என்பது ஊரில் யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் சிறிதாக இருந்த காலத்தில் வேலைவாய்ப்பு அலுவலகம் அவளுக்கு இரண்டு பயிற்சிகளைக் காட்டியது. துப்பரவு, வெல்டிங். துப்பரவு வேலையை அவள் ஏற்கெனவே ஏழு வருடம் செய்திருந்தாள். பதினொரு ஆண்களும் அவளுமாக அந்த வகுப்பு முடிந்தது. இருபது வருடமாக, பெரிய சமையலறைகளுக்கான துருவேறா உருக்கு மேசைகளை ஒட்டும் ஒரு தொழிற்சாலையில் வேலை. காலை ஐந்து மணிக்குத் தொடங்கினால் ஒன்றரைக்கு முடியும். கேட்பவர்களுக்கு "கொம்பனியிலை" என்று சொல்வாள். வெட்கம் என்றில்லை. வெல்டிங் என்று சொன்னால் அதற்குப் பிறகு வரும் கேள்விகள் நீளமானவை. கண் போகாதா, மகளுக்குச் சம்பந்தம் பேசும்போது என்ன சொல்வது, அவர் விடுகிறாரா என்று அது போகும்.

மூன்று மணிக்கு கராஜைத் திறப்பாள். ஆறு மணிக்குச் சாத்துவாள். ஞாயிற்றுக்கிழமை சத்தம் கூடாது என்பதால் அன்று அளவெடுப்பும் மட்டை வெட்டுவதும். கறளை வெட்டினால் வெட்டுக்கு அப்பால் நல்ல இரும்பு மினுங்கும் வரை வெட்டினாள். சோளப்பொரிப் பெட்டியின் மட்டையில் ஓட்டையின் வடிவத்தைக் கீறி, அதைத் தகட்டில் வைத்து வெட்டி, இடுக்கியில் பிடித்து வளைத்தாள். பிறகு பொட்டுப் பொட்டாக ஒட்டினாள். இங்கே ஒன்று, ஒரு சாண் தள்ளி ஒன்று, மறுகரையில் ஒன்று. ஒரே இடத்தில் சூடு ஏறினால் தகடு நெளிந்துவிடும். அதனால் இடையிடையே கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பாள். பார்ப்பவருக்கு அவள் வேலை செய்வதைவிடக் காத்திருப்பதே அதிகம் என்று தோன்றும். ஆனால் நாலு மாதத்துக்குப் பிறகு அந்த விளிம்பில் கையை வைத்து இழுத்தால் ஒரு மேடு தட்டாது.

அருட்பிரகாசம் செய்த வேலையும் இல்லாமல் இல்லை. இருபத்திரண்டு வருடம் அந்த ரக்சியை ஓட்டியவர் அவர். முதலாளி அதைக் கழித்தபோது தானே வாங்கி வைத்துக்கொண்டார். இப்போது வலது கால் எழும்பாது. இடது காலால் அமுக்கும் எரிபொருள் மிதியை யார் செய்கிறார்கள் என்று கண்டுபிடித்தவர், அவர்களுக்கு இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி மின்னஞ்சல் போட்டவர், மருத்துவரின் அறிக்கைக்கு முன்கூட்டியே நேரம் கேட்டு மூன்று தெர்மீன் எடுத்து அலைந்தவர் அவர்தான். காரும் மிதியும் பரிசோதனையில் ஏற்கப்பட்டால்தான் அதே காரில் அவருக்கு ஓட்டப் பரீட்சை. அதில் தேறினால் அனுமதிப்பத்திரம் திரும்பி வரும். இல்லாவிட்டால் மிச்சக் காலம் முழுவதும் பக்கத்து இருக்கை.

மிதி தபாலில் வந்தது. அதற்குச் சான்றுப் பத்திரமும் வந்தது. ஆனால் இவ்வளவு பழைய காரின் தரைக்கு அதன் அடித்தட்டு பொருந்தவில்லை. "அவையளிட்டை வேற இல்லையாம்," என்று அவர் கணினியை மூடினார். குமுதினி தரையை அளந்தாள். ஐந்து நாள் மட்டை வெட்டினாள். ஆறாவது நாள் ஒரு அடித்தட்டைச் செய்து, தரையோடு ஒட்டி, அதன்மேல் மிதியைப் பூட்டி, அவரைத் தாங்கிப் பிடித்து இருக்கையில் இருத்தினாள்.

"அமத்திப் பாருங்கோ."

அவர் இடது காலை வைத்தார். அமத்தினார். விட்டார். மறுபடி அமத்தினார்.

"கொஞ்சம் சரிவு வேணும். குதி வலிக்கும், தூரம் போனால்."

"எவ்வளவு?"

"ஒரு விரல்."

அவள் வெட்டி எடுத்து, ஒரு விரல் சரித்து, மறுபடி ஒட்டினாள். தூரம் போனால் என்று அவர் சொன்னதை அன்றிரவு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் இருமல் கேட்ட அந்த நாளில், சில்வெஸ்டர் தேத்தண்ணீரைக் குடித்தபடி வந்த விடயத்தைச் சொன்னார். மன்றத்தின் ஆண்டுவிழாவில் அருட்பிரகாசம் அண்ணைக்குப் பொன்னாடை. "தன்னம்பிக்கைச் செம்மல்" என்று பட்டம். நோட்டீஸ் அச்சுக்குப் போய்விட்டது. பரிசோதனைக்குக் காரைத் தன்னுடைய இழுவை வண்டியில் தானே ஏற்றி வருவதாகவும், அங்கே வீடியோ எடுத்து விழாவில் திரையில் போடப்போவதாகவும் சொன்னார். அவர் போன பிறகு அருட்பிரகாசம் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"இஞ்சரும், நான் என்னெண்டு அந்த மேடையிலை ஏறுறது?"

"நாலு படிதான். ஒரு பக்கம் கைபிடி இருக்கு."

"நான் அதைக் கேக்கேல்லை."

"தெரியும்," என்றாள் குமுதினி. கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பரிசோதனை நிலையத்துக்கு அவர்கள் போன நாள் நல்ல வெயில். பரிசோதகரின் பெயர் வெஸ்ற்கம்ப். உயரமான, நரைத்த மனிதர். மேல்சட்டைப் பையில் ஒரு சின்னச் சுத்தியலும் ஒரு விளக்கும். காரைத் தூக்கியில் ஏற்றித் தலைக்கு மேல் உயர்த்திவிட்டு அடியில் போனார். வாடிக்கையாளர்கள் தரையில் கீறிய மஞ்சள் கோட்டுக்கு இப்பால் நிற்கவேண்டும். சில்வெஸ்டர் கோட்டின் மேலேயே நின்று தொலைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார். சுத்தியல் விளிம்பில் தட்டியது. தட்டிய இடமெல்லாம் ஒரே மாதிரியான, நிறைந்த சத்தம். வெஸ்ற்கம்ப் ஒரு இடத்தில் நின்று விளக்கைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு அதே இடத்தை விரலால் பார்த்தார். வழக்கமாக மூன்று நிமிடத்தில் முடியும் காரியத்துக்கு அவர் கால் மணி எடுத்தார்.

காரை இறக்கிய பிறகு மிதியைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார்.

"மிதிக்குப் பத்திரம் இருக்கிறது. இந்த அடித்தட்டுக்கு இல்லை. யார் செய்தது?"

அருட்பிரகாசம் தொண்டையைச் செருமினார். சில்வெஸ்டரின் தொலைபேசி அவர் பக்கம் திரும்பியது.

"சொந்த வேலை," என்றார் ஜெர்மனில். படிவத்திலும் அவர் அப்படித்தான் எழுதியிருந்தார்.

வெஸ்ற்கம்ப் அவருடைய வலது கையைப் பார்த்தார். அது ஊன்றுகோலுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மரியாதையுள்ள மனிதர், பார்வையை உடனே எடுத்துக்கொண்டார்.

"திரு அருட்பிரகாசம், இந்த மிதி கழன்றால் ஆள் சாகும். சான்றிதழ் உள்ள வெல்டர் செய்திருந்தால், பெயரும் சான்றிதழும் தாருங்கள், நான் இதைத் தனியாகச் சோதித்து எழுதலாம். சொந்த வேலை என்றால் என்னால் கையெழுத்துப் போட முடியாது. துளைத்து எடுக்கவேண்டும்."

"என்னவாம் அண்ணை? நல்லாயிருக்கெண்டு சொல்லுறாரோ?" என்றார் சில்வெஸ்டர். கூடத்தில் வேறொரு காரின் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்ததில் அவருக்குப் பாதிதான் கேட்டிருந்தது.

குமுதினியின் கைப்பை அவள் தோளில் இருந்தது. அவளுடைய வெல்டர் சான்றிதழ் அதற்குள் இருந்தது. காலையில் கிளம்பும்போது எடுத்து வெளியே வைத்தாள், பிறகு மறுபடி உள்ளே வைத்தாள். இப்போது பையின் வாரைப் பிடித்துக்கொண்டு கணவரின் பக்கம் குனிந்தாள்.

"பரவாயில்லை. துளைச்சு எடுப்பம். வேற வழி ஒண்டு பாப்பம். நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம்."

அவர் அவளைப் பார்த்தார். துளைத்து எடுத்தால், ஏற்கெனவே ஒரு முறை வெட்டி ஒட்டிய அந்தத் தரையில் இன்னொரு தட்டை ஒட்ட இடம் இருக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அந்த ஒரு விரல் சரிவு இனி எங்கேயும் கிடைக்காது. அதைத் தெரிந்துகொண்டே இவள் இப்படிச் சொல்கிறாள் என்பதும் அவருக்குத் தெரிந்தது.

"சில்வெஸ்டர், உதைக் கொஞ்சம் கீழை இறக்கும்," என்றார்.

தொலைபேசி இறங்கியது.

"மனுசிதான் செய்தது. இது மட்டுமில்லை. முழுக்க. நான் கதிரையிலை இருந்தனான்." அதையே பரிசோதகருக்கு ஜெர்மனில், இன்னும் சுருக்கமாகச் சொன்னார். "என் மனைவி. அவ வெல்டர்."

சில்வெஸ்டரின் வாய் திறந்தது. அவர் இரண்டு வருடத்தைப் பின்னோக்கி எண்ணிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"அப்ப அந்தத் தேத்தண்ணி?"

"தேத்தண்ணியும் நான்தான் போட்டனான்," என்றாள் குமுதினி.

"ஐயோ அக்கா, நோட்டீஸ் அடிச்சாச்சு!"

"அதைப் பிறகு கதைப்பம் தம்பி."

அவள் பையைத் திறந்து பிளாஸ்டிக் உறையில் இருந்த தாளை நீட்டினாள். வெஸ்ற்கம்ப் அதை வாசித்தார். திகதியைப் பார்த்தார், அளவுகளைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து விளக்கை எடுத்து அவளிடம் கொடுத்தார். காரை மறுபடி உயர்த்தினார். "எனக்குக் காட்டுங்கள்," என்றார். அவள் மஞ்சள் கோட்டைத் தாண்டி அடியில் போய், எந்தத் தடிப்புத் தகடு, எவ்வளவு மின்னோட்டம், எந்த இடத்தில் எத்தனை முறை ஆற விட்டாள் என்று ஜெர்மனில் சொல்லத் தொடங்கினாள். தொழிற்சாலையில் பேசும் ஜெர்மன் அது. வேகமானது, சுற்றி வளைக்காதது. வீட்டில் கடிதம் வாசிக்கும்போது அவளிடம் வராத குரல். அருட்பிரகாசம் அதை இதுவரை கேட்டதில்லை.

அவர் ஊன்றுகோலை எடுத்து ஒரு அடி வைத்தார். இன்னொரு அடியில் மஞ்சள் கோட்டைக் கடந்தார். வெஸ்ற்கம்ப் கவனித்தார். தரையில் கிடந்த காற்றுக்குழாயைச் சப்பாத்தால் ஒதுக்கிவிட்டார். அருட்பிரகாசம் காருக்கு அடியில் வந்து அண்ணாந்தார். இருபத்திரண்டு வருடம் மேலிருந்து தெரிந்த கார். ஊன்றுகோலை மனைவியிடம் கொடுத்துவிட்டு, அவளுடைய தோளில் சாய்ந்தபடி, இடது கையை உயர்த்தி விளிம்பில் வைத்து மெல்ல இழுத்தார். விரல்கள் எதையோ தேடிப் போயின. திரும்பி வந்தன.

"எது நீர் செய்தது? எது பழசு?"

"தெரியேல்லையோ?"

"தெரியேல்லை."

அவள் விளக்கைச் சரித்துப் பிடித்தாள். அப்போதும் தெரியவில்லை. பின்னால் சில்வெஸ்டர், முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தி, யாரிடமோ தொலைபேசியில் அச்சகத்தின் இலக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெஸ்ற்கம்ப் பலகையில் நீண்ட நேரம் எழுதினார். எழுதி முடித்து, அடித்தட்டைத் துளைக்கத் தேவையில்லை, வாகன உரிமையாளர் கையெழுத்திட வேண்டும் என்று பலகையை நீட்டினார். அருட்பிரகாசம் இடது கையால் அதை வாங்கிப் பக்கத்து மேசையில் வைத்தார். அடிப்பாகத்துக்கு அவள் பூசிய மெழுகு வெயிலில் இளகி அவருடைய நான்கு விரல்களிலும் கறுப்பாக ஒட்டியிருந்தது. குமுதினி கைப்பைக்குள் கடதாசிக் கைக்குட்டையைத் தேடினாள். அவர் அதற்குக் காத்திருக்காமல் பேனையைப் பிடித்தார். வெள்ளைத் தாளில், எழுத்துகளுக்குப் பக்கத்தில், அந்த விரல்களின் ரேகைகள் ஒவ்வொன்றாகப் பதிந்தன.